சொட்ட வேண்டிய தண்ணீர்

விடியும்போது ஃபெம்கேயும் நானும் பம்பு அறையில் சேற்றில் மண்டியிட்டு, கருகிய கயிற்று அடைப்பைக் கொக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்தோம். எரிந்த கொழுப்பும் அழுகிய சேறும் கலந்த நாற்றம் தொண்டையில் ஒட்டியது.

எங்கள் தூர்வாரும் கப்பலின் பம்பு மணலையும் நீரையும் சேர்த்தே உறிஞ்சும். சுழலும் தண்டு பம்புக்குள் நுழைகிற இடைவெளியில் மணல் கசியாமல் காப்பது அந்த அடைப்பு. அதற்குள் நல்ல தண்ணீரைப் பம்பைவிடக் கூடுதல் அழுத்தத்தில் செலுத்த வேண்டும். அது மணலை உள்ளேயே தள்ளும், தண்டைக் குளிர்விக்கும், கொஞ்சம் வெளியேயும் சொட்டும். சொட்டுகிறவரை அடைப்புக்கு உயிர் உண்டு.

நல்ல தண்ணீர் தரும் சிறு பம்பு போன வாரம் நின்றுபோனது. முதலாளி கோவெர்ட் புதியது வாங்கவில்லை. கசிந்தால் இறுக்கி ஓட்டுங்கள் என்றான். அவனும் பம்பு அறையில் வேலை பார்த்தவன்தான், தண்ணீரில்லாமல் இறுக்கினால் அடைப்பு எரியும் என்று தெரிந்தே சொன்னான். நேற்று எங்கள் கூட்டாளி யோரிட் இறுக்கியபோது அடைப்பு எரிந்து பிய்ந்தது. சுடுமணல் அவன் முகத்தில் பீய்ச்சியடித்தது. ரோட்டர்டாம் மருத்துவமனையில் கிடக்கிறான். ஒரு கண் தேறுமா தெரியவில்லை.

காலைக் காப்பிக்கு எல்லோரும் மேசையில் கூடியிருந்தபோது கோவெர்ட் படகில் வந்தான், கையில் க்ரீம் கேக்கோடு. எங்கள் ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவருவார்.

"யாருக்குப் பொறந்தநாள், கோவெர்ட்?" என்றாள் ஃபெம்கே.

"மனசு ஒடஞ்சிருப்பீங்களேன்னுதான். சாப்டுட்டு பம்ப ஓட்டுங்க."

"தண்ணி பம்பு?"

"அடுத்த மாசம் பாக்கலாம். யோரிட் அவசரக்காரன்பா, ரொம்ப இறுக்கிட்டான்."

இறுக்கச் சொன்ன அதே வாய் விரலிலிருந்த க்ரீமை நக்கியது.

"அப்ப நீயே எறங்கி இறுக்கு. கை மறந்திருக்காது," என்றாள் ஃபெம்கே. அடைப்பை இறுக்கும் ஸ்பேனரைக் கேக்கின் நடுவில் குத்தி நிறுத்தினாள். மேசையில் இருந்த மற்றவர்களும் தட்டைத் தொடவில்லை.

கோவெர்ட் எதிர்க்கரைப் பக்கம் கை நீட்டினான். அங்கே அவனுடைய இன்னொரு கப்பல் உறுமிக்கொண்டிருந்தது. "நீங்க ஓட்டலன்னா ஆளுங்கள அங்கேருந்து கொண்டாரேன்."

ஃபெம்கே வயர்லெஸ்ஸை எடுத்து யோரிட்டுக்கு நேர்ந்ததை அந்தக் கப்பலுக்குச் சொன்னாள். பதில் வரவில்லை. கோவெர்ட் சிரித்தான்.

பிறகு எதிர்க்கரை உறுமல் தாழ்ந்து, இழுத்து, அடங்கியது. கடற்காகங்களின் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க பம்பும் அப்படித்தான் தண்ணி இல்லாம ஓடிச்சு," என்றது வயர்லெஸ். "நிறுத்திட்டோம். தண்ணி சொட்டட்டும், அப்புறம் ஓட்டலாம்."

கோவெர்ட் கைபேசியோடு மேல்தளத்துக்குப் போனான். யாரைக் கூப்பிடுவானோ தெரியாது. ஃபெம்கே யோரிட்டின் கோப்பையைக் கழுவி, அவன் இடத்தில் வைத்தாள். நாங்கள் மேசையை விட்டு எழவில்லை.