ஸ்பிரிட் பட்ட தட்டு

பஞ்சில் ஒட்டிய கறுப்பைப் பார்த்ததும் ஜெக்கரியாவுக்குக் கை நின்றுவிட்டது. அழுக்கு இப்படிப் பிசுபிசுக்காது.

முத்துப்பேட்டையில் அவர் மைக் செட் கடை வைத்துப் பதினோரு வருஷம். ரிக்கார்டுத் தட்டு கரகரக்காமல் பாட, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மல் துணியை நனைத்து, கோடு ஓடும் போக்கிலேயே சுற்றித் துடைப்பார். புதிதாக வரும் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு மட்டும் கடைசியில் ஒரு சொட்டு ஸ்பிரிட்.

இது பழைய அரக்குத் தட்டு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். அவருக்குத் தெரியாததா? இன்னும் பளிச்சென்று ஆக வேண்டுமே என்ற பயம், கையைத் தப்பான புட்டிக்குக் கொண்டுபோய்விட்டது.

காலையில் தட்டைக் கொடுத்த மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் கண்ணுசாமி, "கூலிக்காரப் பயலுவ கூட்டத்துக்கு மைக் கட்டுன கைதானே இது? ஐயா வீட்டுச் சாமான், பதமாத் தொடும். சாயந்திரம் ஐயாவே வர்றாங்க" என்று சொல்லிப் போயிருந்தார்.

புது ஆட்சி வந்து இரண்டாவது தை. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்கவில்லை. போன வாரம் அடுத்த ஊரில் நான்கு குடிசைகள் எரிந்தன. இந்த நேரத்தில் மிராசுதார் நாகநாதனின் தட்டு! அவர் மனைவி நீலாயதாட்சி சென்னையில் பாடிப் பதிந்த தேவாரம். அந்த அம்மாள் போய் எட்டு வருஷம். வேறு பிரதி கிடையாது. நாளை திதி.

ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடுகளே அழிந்திருந்தன.

"முன்னாடியே தேஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லிடவா?" என்றார் மனைவியிடம்.

"பொய்யச் சொல்லிட்டு அஸர் தொழுவ எப்புடி நிப்பீங்க?" என்றாள் நஃபீசா.

"நெசத்தச் சொன்னா நிக்கக் காலு இருக்குமாடி?"

அவள் சிரிக்கவில்லை. அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றினாள். வாசலில் கார் நின்றது.

நாகநாதன் நாற்காலியில் உட்காரும் முன்பே ஜெக்கரியா சொல்லிவிட்டார். "என் கைத் தப்புங்க. ஓரம் கரைஞ்சுபோச்சு. முதல் அடி இருக்காதுங்க."

"வேணும்னே பண்ணிருக்கான் ஐயா!" கண்ணுசாமி சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தார்.

நாகநாதன் கையை உயர்த்தினார். "போடு ராவுத்தரே, கேப்போம்."

ஊசி இறங்கியது. கல் அரைப்பதுபோல் ஒரே இரைச்சல். ஜெக்கரியா கண்ணை மூடிக்கொண்டார். அப்போது, இரைச்சலோடு, சுருதி சேராத கரட்டுக் குரல் ஒன்று கேட்டது. நாகநாதன்தான். அழிந்துபோன முதல் அடியை அவரே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அடியில் இரைச்சல் விலகி, அந்த அம்மாள் பாடினாள். கரகரப்பே இல்லை.

தட்டு நின்றது.

"மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது. இத்தன வருஷமா கேட்டதில்ல" என்றார் நாகநாதன். பிறகு, "தேஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லிருக்கலாமே?"

"சொல்லத்தாங்க பாத்தேன். பொய்யி, நெசம் ரெண்டுக்கும் பயமா இருந்துச்சு."

"நீ சொன்னதும் நானும்தான் பயந்துபோனேன். அவ குரலே இல்லன்னு ஆயிடுச்சோன்னு."

கண்ணுசாமி தட்டை வாங்கக் கை நீட்டினார். நாகநாதன் கொடுக்கவில்லை, தானே மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

கார் கிளம்பியது. நஃபீசா ஸ்பிரிட் புட்டியை எடுத்து மூடி, மேல் பலகையில் வைத்துவிட்டு, தொழுகைக்கு முன் அவர் ஒளூ செய்யத் தண்ணீர் மொண்டுவரப் போனாள்.