நாலு கிலோவுக்கு மேல்

ஃபிஜியின் தென்கரைச் சாலையில் கடலைப் பார்க்க ஆசைப்படுகிறவன் இப்போதெல்லாம் ஏதாவது ஓர் உணவகத்துக்குள் போய் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வரிசையாக ஐந்து உணவகங்கள் கடலை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் ஆகப் பெரியதற்கு ஆங்கிலத்தில் அழகான பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் வாயில் அது கண்ணாடி வீடுதான். மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர், முன்னால் மரப்பலகை போட்ட தளம், அதற்கும் முன்னால் உல்லாசப் படகுகள் வந்து கட்டும் நீண்ட படகுத்துறை. சிட்னியிலிருந்தும் ஆக்லாந்திலிருந்தும் வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து, உள்ளங்கை அளவு மீன் துண்டைச் சுற்றி மூன்று சொட்டு சாறு தெளித்திருப்பதைப் படம் பிடித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். தலையும் எலும்பும் பின்வாசல் தொட்டிக்குப் போகும். நல்ல பாகத்தை எறிந்துவிட்டு மிச்சத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தச் சமையலறையில் அபிசாய்க்கு ஆறு வருஷம் ஆகிவிட்டது. மீன் வெட்டுவதில் அவன் கையை மிஞ்ச ஆள் கிடையாது. தலைமைச் சமையல்காரர் டங்கன், நியூசிலாந்துக்காரர், அவனிடம் கேட்காமல் மீனில் கை வைக்க மாட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை சகியுசா பின்வாசலில் வந்து நின்றான். அபிசாய்க்கு மாமன் மகன். தோளிலிருந்து இறக்கிய சாக்கைப் பிரித்ததும் சமையலறையே எட்டிப் பார்த்தது. சிவந்த உடம்பில் நீலப் புள்ளி தெறித்த கலவா மீன், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு. அபிசாய் தராசில் வைத்தான். பதினொரு கிலோ.

டங்கன் கிட்டே வந்து பார்த்தார். "அழகா இருக்கு. ஆனா வேண்டாம்."

குளிரறைக் கதவில் அவரே எழுதி ஒட்டியிருந்தார்: பவளப்பாறை மீன் நாலு கிலோவுக்கு மேல் வாங்கக் கூடாது. பெரிய மீன் பல வருஷமாகச் சின்ன மீன்களைத் தின்று வளர்ந்தது. அவற்றில் இருந்த விஷமெல்லாம் அதன் உடம்பில் சேர்ந்திருக்கலாம். மணத்தில் தெரியாது, ருசியில் தெரியாது, எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தவனே அபிசாய்தான்.

டங்கன் உள்ளே போனதும் சகியுசா வாயைத் திறந்தான். "மச்சான், மீனப் பாத்துப் பயப்படுற ஆளு எதுக்குக் கடலோரத்துல சமைக்க வந்தான்னு கேளு."

"நீ மொதல்ல உன் பொண்டாட்டியப் பாத்துப் பயப்படாம இரு. அப்புறம் அவரச் சொல்லலாம்."

"அவளப் பாத்தா திமிங்கிலமே பயப்படும், நான் எந்த மூலைக்கு?"

"சரி, எங்க புடிச்ச?"

சகியுசா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முகவாயால் படகுத்துறையைக் காட்டினான். "அதுக்கு அடியில. ஒரே குத்து. எவன்கிட்டயும் சொல்லிடாத, அங்க ஈட்டி போடக் கூடாதுன்னு பலகை வச்சிருக்கானுங்க."

படகுத்துறை என்ற பேச்சை எடுத்தாலே அபிசாய்க்கு அப்பா நினைப்பு வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் உல்லாசப் படகுகள் உள்ளே வருவதற்காகப் பவளப்பாறையை வெட்டி வழி செய்து, படகுத்துறை கட்ட வேண்டும் என்று உணவகத்தார் கேட்டார்கள். கடற்கரை அபிசாயின் வம்சத்துக்குச் சொந்தம். வம்சத்துக்குத் தலைவர் அவன் அப்பா நெமனி. அவர் முடியாது என்றார். பத்தில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது சட்டம். அபிசாய் முதல் கையெழுத்தைப் போட்டு, வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் போட வைத்தான். வேலை வரும், ஊர் பிழைக்கும் என்று அவன் மனசார நம்பினான். வேலையும் வந்தது. ஆனால் அன்றிலிருந்து நெமனி மகனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கொடுத்தனுப்பிய எதையும் வாயில் வைக்கவில்லை. எல்லாம் அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனது.

"ஒடச்ச பவளத்துல கெட்ட பாசி புடிக்கும். அதத் தின்ன மீனு விஷம். அந்தத் தண்ணில இனிமே எவனும் மீன் புடிக்காதீங்க" என்று நெமனி ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். தோற்றுப்போன கிழவரின் வயிற்றெரிச்சல் என்று ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அபிசாயும் போட்டுக்கொள்ளவில்லை.

சாக்கில் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவின் வாசலுக்கு இத்தனை நாளும் உணவகத்தின் சின்ன மீன்களைத்தான் கொடுத்தனுப்பியிருக்கிறான். தலைவருக்குச் சின்ன மீன் கொடுப்பது அவமரியாதை. வலையில் விழுந்ததில் ஆகப் பெரியதன் தலை அவருக்குப் போக வேண்டும், அதுதான் முறை. முறைப்படி, உட்கார்ந்து, இரண்டு கையாலும் கொடுத்தால் அவரால் மறுக்க முடியாது. மறுத்தால் மகனே இல்லை என்று சொன்ன மாதிரி. நாலு கிலோக் கணக்கெல்லாம் வெள்ளைக்காரன் வயிற்றுக்கு என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தாத்தா காலத்திலிருந்து பெரிய மீனைத் தின்றுதானே இந்த ஊர் வளர்ந்தது?

"இத எனக்குக் குடு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து எல்லோரும் நெமனி வீட்டில் கூடினார்கள். அபிசாய் தலையைத் தேங்காய்ப்பாலில் தானே சமைத்திருந்தான். ஈரலையும் அதிலேயே போட்டிருந்தான், அப்பாவுக்கு அது பிடிக்கும். உடம்புப் பாகம் தனிப் பானையில், மற்றவர்களுக்கு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து போய், பாயின் கீழ்க்கோடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தினான். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னான்.

நெமனி நெடுநேரம் அந்தத் தலையைப் பார்த்தார். பிறகு மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மகனின் கண்ணைப் பார்த்தார்.

"எங்க புடிச்சது?"

"வெளிப்பாறையில, அப்பா."

அவ்வளவுதான். கரையை விட்டுத் தள்ளி, அலை உடைகிற பாறையைச் சொன்ன அந்தப் பொய் நாக்கில் தடுக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் பழைய கோபத்தில் தள்ளிவிடுவார், இன்னும் மூன்று வருஷம் போகும் என்று மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது.

நெமனி கையைக் குவித்து மூன்று முறை மெதுவாகத் தட்டினார். ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். சேப்பங்கிழங்கைப் பிட்டு, கன்னத்துச் சதையை எடுத்தார், கண்ணைச் சப்பினார், ஈரலைத் தின்றார், குழம்பைக் கிண்ணத்தோடு குடித்தார். அவர் முடிக்கும்வரை யாரும் வாயில் வைக்கவில்லை. அம்மா சலசெய்னி மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார் நெமனி.

"அங்க வர்றவங்களுக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிடுச்சுப்பா."

"அவனுங்க கடலையே குடிப்பானுங்க போல." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்குச் சாயங்காலம் வா. வேலையப் பத்திச் சொல்லு" என்றார்.

அபிசாய் வெளியே வந்து வேலிக்குப் பின்னால் நின்று குழந்தை மாதிரி அழுதான். அவன் வாழ்க்கையில் அதைவிட நல்ல பகல் வந்ததில்லை.

நாலு மணிக்கு நெமனியின் உதடு மரத்தது. பல்லெல்லாம் ஆடுகிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு வாந்தி. சலசெய்னி பானைத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனதும் தட்டிவிட்டார். "நெருப்பக் குடுக்குறியே, தண்ணி கேட்டா நெருப்பக் குடுக்குறியே" என்று கத்தினார். குளிர்ந்த தண்ணீர் சுடுகிறது என்றால் அது மீன் விஷம்தான் என்று அந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களும் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். ஆனால் அவர்கள் தின்றது உடம்புப் பாகம். விஷம் அதிகம் சேருகிற தலையும் ஈரலும் ஒருவருக்குத்தான் போயிருந்தன, மரியாதையோடு.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஓடி வந்து நாடி பார்த்தாள். நாடி விட்டுவிட்டு அடித்தது. "மீன் எங்க புடிச்சது? எழுதணும்."

வீடே அபிசாயைப் பார்த்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். படுபாவி, சொல்லவில்லை.

"வெளிப்பாறையில."

சலசெய்னி கூடவே ஏற, நெமனியை லாரியின் பின்தட்டில் படுக்க வைத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அபிசாய் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் இதயம் நின்றுவிட்டது.

அடக்கத்துக்கு டங்கன் வந்தார். கண்ணாடி வீடு ஒரு நாள் மூடியிருந்தது. பெரிய பூவளையமும் இரண்டு பெட்டி இறாலும் அனுப்பியிருந்தார்கள். டங்கன் அபிசாயின் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"அந்த மீன்தானா?"

அபிசாய் தலையாட்டினான்.

"என் சமையலறையில எவனோ ஒருத்தனுக்குப் போடக் கூடாதுன்னு சொன்னேன். உங்கப்பாவுக்குப் போடலாம்னா சொன்னேன், அபிசாய்?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் மதியம் வம்சத்தார் கூடி, சபையில் குடிக்கும் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்தார்கள். நெமனியின் தம்பி வைசாகே இப்போது தலைவர். தலைவர் இறந்தால் கடலில் ஒரு பகுதியை நூறு நாள் யாரும் மீன் பிடிக்காமல் மூடி வைப்பது வழக்கம். எந்தப் பகுதி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அண்ணனக் கொன்னது வெளிப்பாறை மீனு. அத மூடுறோம்" என்றார் வைசாகே. "அப்ப ஊரு எதத் திங்கும்னு கேப்பீங்க. கண்ணாடி வீட்டு முதலாளிகிட்டப் பேசிட்டேன். நல்ல மனுஷன். படகுத்துறைத் தண்ணியில நூறு நாளும் நம்ம பொம்பளைங்க வலை போடலாம்னுட்டாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். அபிசாய் கையில் சிரட்டை இருந்தது. வாயைத் திறந்தான், யங்கோனாவைக் குடித்தான், மூடினான். எதிரே சகியுசா தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கலைந்து போகும்போது சகியுசா அவன் கையைப் பிடித்தான். கேலி பேசிய வாய் காய்ந்து கிடந்தது. "மச்சான், வாயத் தொறக்காத. எல்லா மீனுமா விஷம்? சின்ன மீனு ஒண்ணும் பண்ணாது. நீ சொன்னா நம்ம ரெண்டு பேரையும் ஊரு உயிரோட விடாது."

"உன் புள்ளைக்குக் குடுப்பியா?"

சகியுசா கையை விட்டான்.

மறுநாள் காலை கடல் வற்றியதும் பெண்கள் வலையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் இறங்கினார்கள். பின்னாலேயே பிள்ளைகள் வாளியோடு. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விருந்தாளிகள் காலை காப்பியோடு எழுந்து வந்து படம் பிடித்தார்கள். சமையலறை வாசலில் நின்ற அபிசாய் மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான். கடலை நோக்கித்தான் ஓடினான். பாதி வழியில் கால் திரும்பி, அம்மா துக்கம் காக்கும் வீட்டுக்குப் போனது.

சலசெய்னி கறுப்பு உடையில், சுவர்ப் பக்கம் பார்த்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள். பத்து நாளைக்கு அவள் வாசல் தாண்டக் கூடாது.

"அம்மா, மீனு வெளிப்பாறையில புடிச்சது இல்ல." மூச்சு வாங்கியது. "படகுத்துறைக்கு அடியில. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

அவள் திரும்பவில்லை.

"லாரியில போறப்ப அவருக்கு நெனவு வந்துச்சு. என் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டாரு. 'சலா, பய பொய் சொன்னானா?'ன்னு."

அபிசாய் வாசற்படியிலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

"என் புள்ள அப்பிடிச் செய்ய மாட்டான்னு பைபிள் மேல சத்தியம் பண்ணேன்டா. சரின்னு சொன்னாரு. அப்புறம் பேசல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் கிடந்த மகனைத் தொடாமல், பாவாடையை ஒதுக்கிக்கொண்டு தாண்டினாள். விதவை துக்க வீட்டை விட்டு வெளியே வருவதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் வாயில் கை வைத்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் கரைவரை நடந்துபோய், முழங்கால் தண்ணீரில் நின்று, பெண்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கரைக்குக் கூப்பிட ஆரம்பித்தாள்.