அரை நிமிட மூச்சு

ஞானகுமாரிக்கு ஒன்பது வயதில் வந்த வலிப்பு இருபத்தைந்து வயதுவரை விடவில்லை. மாத்திரைகள் மாறின, டாக்டர்கள் மாறினார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை விழுவது மட்டும் மாறவில்லை. ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் அவள் விழுவதைப் பார்க்காத வீடு இல்லை.

தொண்ணூற்றெட்டில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் புதுச் சிகிச்சை வந்திருப்பதாகச் சொன்னார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், சின்னக் கருவி ஒன்றை வைத்துத் தைப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி கழுத்து நரம்புக்குப் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அரை நிமிடம், அது நரம்புக்கு மின்சாரம் கொடுக்கும். அப்பா ராயப்பன் ஃபாக்டரியில் நாலு பேரைக் கேட்டுவிட்டுத் தயங்கினார். அம்மா லூர்தம்மாள்தான் துணிந்து சரி என்றாள்.

மாதாமாதம் மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். கருவி ஓடும்போது ஞானத்தின் குரல் கரகரத்தது. வலிப்பு முதலில் குறைந்தது, பிறகு நின்றே போனது. கள்ளிக்குப்பத்து நர்சரிப் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. துணைக்கு ஆள் இல்லாமல் பஸ் ஏறிப் போய் வந்தாள். லூர்தம்மாள் முதல் வாரம் முழுக்க பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். அப்புறம் வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள்.

ஆனால் ஞானம் எந்நேரமும் தூங்கி வழிந்தாள். காலையில் தலைவலியோடு எழுந்தாள். பஸ்ஸில் இறங்குமிடம் தாண்டிப் போனாள். மாத்திரையின் வேலை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, அப்பாவும் மகளும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். ராயப்பன் சீராகக் குறட்டை விட்டார். பக்கத்தில் ஞானத்தின் மூச்சு திடீரென்று மெலிந்து, நின்று, பிறகு திணறிக்கொண்டு வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த லூர்தம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அப்படியே. கருவி ஓடும் அதே கணக்கு.

கருவிமேல் வைத்தால் அதை நிறுத்தும் காந்தம் ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். லூர்தம்மாள் அதை எடுத்து மகளின் மார்பில் வைத்துப் பிடித்தாள். கால் மணி நேரம் மூச்சு ஒரு தடவைகூடத் தடங்கவில்லை. கையை எடுத்தாள். சற்று நேரத்தில் மூச்சு நின்றது.

காலண்டர் தாளின் பின்புறம் நேரங்களைக் குறித்துக்கொண்டு கருவி வைத்த டாக்டரிடம் போனாள். அவர் இரண்டு தடவை படித்தார். ஞானத்தை ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மூக்கிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். லூர்தம்மாள் கண்டது சரிதான். கழுத்து நரம்புக்குப் போகும் மின்சாரம் தூக்கத்தில் தொண்டையை நெருக்கி மூச்சைத் தடுக்கிறது, இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆபத்து என்றார் டாக்டர். மின்சாரத்தைக் குறைத்தால் மூச்சு சீராகும், வலிப்பு திரும்பலாம் என்பதையும் மறைக்கவில்லை.

"அம்மா, இன்னா செய்யலாம்?" என்று ஞானம் கேட்டாள்.

"நீ மூச்சு வுடணும். அதான் எனக்குத் தெரியும்."

குறைத்தார்கள். பதினாறு நாள் ஞானம் நிம்மதியாகத் தூங்கினாள், தெளிவாக எழுந்தாள். பதினேழாம் நாள் வகுப்பில், குழந்தைகள் பார்க்கக் கரும்பலகைக்குக் கீழே விழுந்தாள். ஒரு பிள்ளைக்குப் பயத்தில் காய்ச்சலே வந்துவிட்டது. தலைமை ஆசிரியை கடுமையாக எதுவும் சொல்லவில்லை. இனி வர வேண்டாம் என்பதை மட்டும் சொல்லி அனுப்பினார்.

மகளின் குடையையும் டிபன் பாக்ஸையும் வாங்கிவர லூர்தம்மாளே போனாள். திரும்பி வந்தபோது ஞானம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் கடித்த காயம்.

"நான் வாயை மூடிகினு இருந்திருக்கலாம்" என்றாள் லூர்தம்மாள். "அந்தத் தாளை எழுதாம இருந்திருந்தா உன் வேலை போயிருக்காது."

"அப்படிச் சொல்லாதம்மா. ஒருநாள் தூக்கத்துலயே போயிருப்பேன். ஆனா நல்லா இருந்துச்சும்மா. டீச்சர்னு கூப்டுவாங்க."

லூர்தம்மாள் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது பள்ளி விட்டு எதிர்வீட்டுப் பெண்குழந்தை ஓடி வந்தது. ஞானம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.