பட்டியலில் விட்டுப்போன விசிறி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. எதிர்வீட்டு டைரி அக்காவினுடையது. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த வாரத்தில், ஐந்தாவது மாடிக்கு ஏறும் வழியில் மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"நீங்க கதை எழுதறவர்தானே? ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எழுதுகிறவனிடம் போய் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முக்கால் மணி நேரம் சொன்னாள். அவள் எழுந்து போன பிறகு எனக்கு வயிறு எரிந்தது. பதினெட்டு வருடமாக எழுதுகிறேன், எனக்கு ஒரு நாளும் இப்படி எதுவும் நடந்ததில்லை.

தொடக்கமாக எழுதிப் பார்த்தது: "மீனை உறைய வைக்கும் அந்த ஆலையில் எங்கும் குளிர். அவள் நெஞ்சில் மட்டும் தீ..."

வேண்டாம். குளிர், தீ என்று கிளம்பினால் அடுத்த பத்தியில் நானே தூங்கிவிடுவேன்.

2

நேராகச் சொல்கிறேன். அவளுக்கு நாற்பத்து நாலு வயது. மீனைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றும் ஆலையில், இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை. எந்த கம்ப்ரஸருக்கு எப்போது எண்ணெய் மாற்றினார்கள், எந்த பேரிங் எத்தனை மாதம் தாங்கும், எந்த பம்ப் மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், எல்லாம் அவள் டைரிகளில் இருந்தது. வருடத்துக்கு ஒன்றாகப் பதினேழு டைரிகள். அதனால்தான் அந்தப் பெயர்.

காலையில் ஃபிட்டர்கள் அவள் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். "அக்கா, இன்னிக்கு என்ன வேலை?" அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவாள். அவசரமே படமாட்டாள். பக்கம் புரண்டு முடியும்வரை எட்டு ஆண்கள் வாய் திறக்காமல் நிற்பார்கள்.

(அந்த எட்டுப் பேரில் ஒருவனை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். பட்டப்பெயர் மைக்செட். கம்ப்ரஸர் அறைக்குள் நின்று அவன் சாதாரணமாகப் பேசினாலே வாசல் காவலாளிக்குக் கேட்கும்.)

3

நிர்வாகம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கியது. ஆலையின் இயந்திரங்கள் எல்லாவற்றையும் அதில் பதிந்துவிட்டால், எதற்கு எப்போது பராமரிப்பு என்று அதுவே பார்த்து, ஃபிட்டரின் போனுக்கு வேலையை அனுப்பிவிடும். அதை அமைத்துக் கொடுக்க ஒரு ஆலோசகர் வந்தாள். டைரி அக்காவின் சொந்தத் தங்கை.

(நானாகக் கட்டியிருந்தால் இப்படி வைத்திருக்கமாட்டேன். "அதெப்படி, ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்று கேட்பீர்கள். நடந்துவிட்டது, நான் என்ன செய்ய?)

மூன்று மாத வேலை. தங்கை அக்கா வீட்டிலேயே தங்கினாள். அம்மாவும் அங்கேதான் இருந்தாள். முதல் நாளே அம்மா அக்காவின் கட்டிலிலிருந்து தலையணையை உருவிக்கொண்டு போனாள். "சின்னவளுக்கு உயரமான தலகாணி ஆகாதுடி. கழுத்து பிடிச்சுக்கும்."

"எனக்கு மட்டும் கழுத்தே இல்லையா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே தலையணையை எடுத்துப் போனாள்.

4

இந்த இடத்தில் தங்கையைக் கொஞ்சம் திமிர் பிடித்தவளாக எழுதப் பார்த்தேன். எனக்கு அது வசதி. "என்னக்கா, இன்னும் டைரியைக் கட்டிக்கிட்டு அழறியா?" என்று உதட்டைச் சுழித்த

அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. முதல் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "அக்காவோட டைரி இல்லேன்னா இந்த சிஸ்டமே இல்ல" என்றுதான் சொன்னாள். கைதட்டினார்கள், தங்கைக்கு. என்ன பெருந்தன்மை என்று மேலாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவள் நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

தங்கை இயந்திரங்களை ஏ, பி, சி என்று பிரித்தாள். நின்றால் ஆலையே நிற்கும் என்பது ஏ. மேலாளர் அசந்துபோனார். "எவ்வளவு தெளிவா இருக்கு! இத்தனை வருஷம் நமக்கு யாருக்கும் இது தோணலையே!"

பதினோரு வருடமாக அக்காவின் டைரியில் அதே இயந்திரங்கள் சிவப்பு, பச்சை, நீல மசியில் மூன்றாகப் பிரிந்து இருந்தன. அவள் டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

சாஃப்ட்வேரின் ஒத்திகை தொடங்கிய அன்று மைக்செட் அவள் மேஜையைத் தாண்டி நிற்காமல் நடந்தான். "போன்லயே வந்துடுச்சுக்கா!" ஆலைக்கே கேட்டது. கொஞ்ச நாளில் தங்கையை "சின்னக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தான். அந்தப் பெயரை யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, ஒன்றும் தெரியவில்லை. தான் "பெரியக்கா" ஆகிவிட்டதை மட்டும் அக்கா கவனித்தாள். அவளிடம் கேட்காமலேயே அவளை மூப்பாக்கிவிட்டார்கள்.

5

இனி எழுதப்போவதைச் சொல்லும்போதுதான் அவள் படியில் இரண்டு தடவை நிறுத்தினாள்.

தங்கை ஆலை முழுக்கச் சுற்றி ஒவ்வொரு இயந்திரத்திலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். வேலை முடிந்த இரவு, வீட்டுச் சமையலறை மேஜையில் மடிக்கணினியை அக்கா பக்கம் திருப்பிவைத்தாள்.

"மொத்தம் இருநூத்துப் பதினொண்ணு. எதுவும் விட்டுப்போகலையே, அக்கா? நீ சரின்னு சொன்னாதான் நான் மூடுவேன்."

அக்கா மேலிருந்து கீழே வந்தாள். கம்ப்ரஸர் அறை. காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று. விசிறி இரண்டு. அப்புறம் எண்ணெய் பம்ப்.

மூன்றாவது விசிறி இல்லை. அது மூலையில், குழாய்களுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கும் மேலே இருட்டில் இருந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அதன் பெல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும், பதினைந்து நாளைக்கு ஒரு முறை இறுக்க வேண்டும். செவ்வாய் விட்டுச் செவ்வாய் அவள் வாய் தானாகச் சொல்லும்: "மைக்செட்டு, மூணாம் நம்பர் பெல்ட்டைப் பாரு."

"எல்லாம் இருக்கு" என்றாள் அக்கா.

அவள் கணக்கு சின்னது. பத்து நாளில் கம்பெனி இயக்குநர்கள் சிஸ்டத்தைப் பார்க்க வருகிறார்கள். தங்கை திரையைக் காட்டிப் பேசி முடித்ததும், பின் வரிசையிலிருந்து எழுந்து மெதுவாக, "ஒண்ணு விட்டுப்போச்சே" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அதைச் சொல்லும்போது எந்தப் புடவை கட்டுவது என்றுகூட முடிவு செய்திருந்தாள்.

(அவளைக் காப்பாற்ற ஒரு வழி யோசித்தேன். கண்ணில் படவில்லை, மறந்துவிட்டாள் என்று எழுதிவிடலாம். படியில் கேட்டும் பார்த்தேன். "மறந்துட்டேன்னு எழுதினா அது வேற யாரோட கதையோ" என்றாள்.)

6

இயக்குநர்களின் வருகை தள்ளிப்போனது. ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. சிஸ்டம் முழுமையாக ஓட ஆரம்பித்தது. போனில் வராத வேலையை யாரும் செய்யக்கூடாது என்று உத்தரவும் வந்தது. அக்காவின் நாக்கு நுனியில் மூன்றாம் நம்பர் வந்து வந்து நின்றது. அடுத்த செவ்வாய் சொல்லிக்கலாம். அதற்கடுத்த செவ்வாய். ஏழு வாரம் போயிற்று.

ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. கம்ப்ரஸர் அறையில், அந்த மூன்றாவது விசிறிக்குக் கீழே இருந்த வால்விலிருந்து மைக்செட் எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தான். வால்வு பிசகியது. எண்ணெயோடு, மீனை உறைய வைக்கப் பயன்படும் அம்மோனியா வாயுவும் பீறிட்டது. முதல் இரண்டு விசிறிகளும் சுற்றின. மூன்றாவதின் மோட்டார் ஓடியது, பெல்ட் வழுக்கியது, இறக்கை அசையவில்லை. வாயு அந்த மூலையை விட்டுப் போகவே இல்லை.

அவன் கத்தியிருக்கிறான். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைத்தான் அது முதலில் பிடித்தது. முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போன இருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினார்கள். அக்காவும் ஊற்றினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை, அவள் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டான்.

பிழைத்துவிட்டான். கண் தப்பியது. குரல் திரும்ப எத்தனை மாதம் ஆகும், பழையபடி திரும்புமா என்று மருத்துவர் சொல்லவில்லை.

7

மறுநாள் மேலாளர் அறை. அவர், தங்கை, அக்கா, மூன்று பேர்தான்.

"அந்த ஃபேன் ஏன் லிஸ்ட்ல இல்ல?"

தங்கை உடனே சொன்னாள். "என் தப்புதான் சார். சுத்திப் பார்த்தது நான், ஸ்டிக்கர் ஒட்டினது நான். நான்தான் விட்டுட்டேன்." குரல் நடுங்கவில்லை. அக்காவிடம் காட்டிச் சரிபார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலாளர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் பாதிதான் இருந்தது. மீதி மரியாதை.

இதைச் சொல்லும்போது டைரி அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. படியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த நிமிஷம்கூட எனக்கு எரிஞ்சுதுங்க. பழியைக்கூட அவ எவ்வளவு அழகா எடுத்துக்கறா பாருங்க. அது என்னோடது. என் பழி. அதையும் அவளே எடுத்துக்கிட்டுப் போறா."

அதனால் எழுந்து நின்றாள். "அவ விடலை சார். என்கிட்ட கேட்டா. இல்லேன்னு தெரிஞ்சும் எல்லாம் இருக்குன்னு சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன்."

அவள் நல்லவளாகிவிட்ட இடம் இதுதான் என்று எழுத என் கை துறுதுறுத்தது. எழுதமாட்டேன். உண்மையைச் சொன்னது உண்மைக்காகவா, தங்கையிடமிருந்து பழியைப் பிடுங்கிக்கொள்ளவா என்று அவளுக்கே தெரியாது.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உட்காருங்கம்மா. தங்கச்சி வேலைக்கு ஆபத்துன்னதும் தாங்க முடியல. புரியுது. பதினேழு வருஷமா உங்களைத் தெரியாதா எனக்கு? நீங்க அப்படிச் செய்யற ஆளா?"

"நெஜமாத்தான் சொல்றேன் சார்."

"போதும்மா. உங்க மனசு யாருக்கு வரும்!"

அவள் உட்கார்ந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பாராட்டு இனித்தது. அதையும் என்னிடம் மறைக்கவில்லை.

தங்கை மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வராந்தாவில், "நான் நம்பறேன், அக்கா" என்றாள். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினாள். தலையணையை அக்காவின் கட்டிலில் கொண்டுவந்து வைத்தாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்னடி ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தங்கையின் நிறுவனம் அவளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டது. ஆலைக்கு வேறொருவர் வந்தார்.

8

மூன்று மாதம் கழித்து மைக்செட் வேலைக்குத் திரும்பினான். மேலாளர் அறையில் நடந்தது அதற்குள் ஆலை முழுக்கப் பரவி, தங்கைக்காகத் தன் தலையைக் கொடுக்க நின்ற அக்கா என்று ஆகியிருந்தது. அவன் நேராக அவள் மேஜைக்கு வந்தான். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். குனிந்தால்தான் அவன் பேசுவது கேட்டது.

"கேள்விப்பட்டேன்க்கா. உங்களை மாதிரி ஒரு அக்கா எனக்கு இல்லையேன்னு இருக்கு."

முடிவு அ: அவள் அவன் தலையில் கையை வைத்து

முடிவு ஆ: "நான்தான்டா அது" என்று

இரண்டையும் விட்டுவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். நாலே சொல். நான் மூன்று வாரமாக எட்டுப் பகுதி எழுதி எட்ட முடியாத இடத்தை அவள் மூச்சு வாங்கிக்கொண்டே நாலு சொல்லில் தொட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். அதை இங்கே வைத்தால், நீங்கள் இதை மூடிவைத்த பிறகு அந்த நாலு சொல்தான் உங்களிடம் இருக்கும். என்னுடையது ஒன்றும் இருக்காது.

எழுதமாட்டேன். வேண்டுமானால் நீங்கள் சொல்லுங்கள். அவன் இன்னும் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான்.