தேய்ந்தே பிறந்த கீல்

வெண்டல் ஸ்டக்கி ஜீப்பைப் பின்னால் எடுத்தபோது, அத்தனை பெரிய மைதானத்தில் வேறு இடமே இல்லாததுபோல அது நேரே போய் ஒரு விமானத்தின் வாலில் மோதியது. அதுவும் அவர் கம்பெனி செய்த விமானம். விமானங்கள் ஏன் உடைகின்றன என்று பார்த்துவரச் சொல்லி, அமெரிக்காவின் கான்சஸிலிருந்து ஆசியாவின் ஒரு மூலையிலுள்ள வியந்தியானுக்கு அனுப்பப்பட்டவர் அவர். வந்த நான்காம் நாளே ஒன்றைத் தன் கையாலேயே உடைத்துக் காட்டிவிட்டார்.

அங்கே விமானங்களை ஓட்டும் ஏர்லைன்ஸின் மேலாளர் பிரென்டிஸ் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன மிஸ்டர் ஸ்டக்கி, நாங்க உடைக்கிற வேகம் பத்தலைன்னு நீங்களே இறங்கிட்டீங்களா?"

"மன்னிச்சுக்குங்க. கியரு..."

"விடுங்க. வெறும் அரிசி வண்டிதானே."

அரிசி. நாலு நாளாக இதே பதில்தான். மலைக்கு அரிசி கொண்டுபோகும் சாதாரண ஏர்லைன்ஸாம். விமானங்களில் எண் கிடையாது. அரிசி மரப்பெட்டியில் வந்தது. ஒரு பெட்டியைத் தூக்க நாலு பேர் முக்கினார்கள். இதை நடத்துவது அமெரிக்க உளவுத்துறை என்பது ஊரில் முடிவெட்டுகிறவருக்கும் தெரியும். பிரென்டிஸுக்கு மட்டும் இன்னும் தகவல் வரவில்லை.

வெண்டலுக்கு அரிசியைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் மச்சான் ஆர்லோவைப் பற்றித்தான். விமானத்தின் வாலில் சுக்கானைத் தாங்கும் கீலைக் கான்சஸ் பட்டறையில் பற்றவைப்பவன் அவன். ஒவ்வொன்றிலும் ஏழு என்ற தன் எண்ணைத் தட்டிப் பதிப்பான். மார்ச்சில் இங்கே ஒரு விமானம் மலையில் விழுந்து விமானி இறந்துபோனார். 'தயாரிப்புக் குறை, ஏழாம் எண் கீல்' என்று இவர்கள் கடிதம் போட்டார்கள். உடைந்த கீலை அனுப்புங்கள் என்றால், தொலைந்துவிட்டது என்றார்கள். அன்றோடு ஆர்லோ வேலையை விட்டான். சாப்பாட்டு மேசையில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நசுங்கிய வாலைக் கழற்ற வந்தவர் கிரிசாந்தோ; மணிலாக்காரர், தலைமை மெக்கானிக். கீல் கையில் வந்ததும் அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் தள்ளப் பார்த்தார். திருடனைப் போலில்லை, திருடத் தெரியாதவரைப் போல.

"கொஞ்சம் குடுங்க, பார்த்துட்டுத் தர்றேன்."

"அழுக்கு சார். உங்க வெள்ளைச் சட்டை..."

"சட்டை கிடக்கட்டும். எனக்கு ஜீப்பு ஓட்டத்தான் தெரியாது. கீல் பார்க்கத் தெரியும்."

துணியைப் பிரித்தார். ஏழு. பதிவு தெளிவாக இருந்தது. ஆனாலும் வழக்கம்போல ஓட்டைக்குள் ஆணியை விட்டுப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. ஓட்டை முட்டை வடிவத்தில் நீண்டிருந்தது.

"என்ன இது? உள்ளே பெயின்ட்டு கூட உரியல. மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஓட்டை மட்டும் ஆயிரம் மணி நேரம் பறந்த மாதிரி தேய்ஞ்சிருக்கு!"

கிரிசாந்தோ ஸ்பானரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்தான். வெண்டலே தொடர்ந்தார்.

"யாரோ பழைய கீலை மாதிரியா வெச்சு நகல் எடுத்திருக்காங்க. ஏழாம் எண்ணையும் சேர்த்து, தேய்மானத்தையும் சேர்த்து. அளவு எடுத்தவன் தேய்மானத்தையும் அளவுன்னே நினைச்சுட்டான்."

பின்னாலேயே பிரென்டிஸ் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது.

"உங்க நம்பர் இருக்கே. உங்களோடதுதான்."

"எங்க வாங்கினீங்க?"

"ஸ்டோர்ல."

"ஸ்டோருக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"லாரியில." கீலைப் பிடுங்கிக்கொண்டார். "நாளைக்குக் காலையில உங்களுக்கு டிக்கெட் போட்டாச்சு. ஏர்போர்ட்டுக்கு வேற ஆள் ஓட்டுவான்."

அவர் போனதும் வெண்டல் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். கோபப்படலாமென்று பார்த்தார், அதற்கும் தெம்பில்லை.

"கிரிசாந்தோ, எனக்குக் காகிதம் வேணாம், சாட்சியும் வேணாம். ஊர்ல என் மச்சான், தான் ஒரு மனுஷனைக் கொன்னுட்டதா நினைச்சுக்கிட்டு நாலு மாசமா உட்கார்ந்திருக்கான். சந்தேகம்னு போய்ச் சொன்னா, 'என்னைத் தேத்துறதுக்காக நீ சொல்றே'ன்னுவான். மார்ச்ல விழுந்ததுல இருந்தது யாரோட கீலு?"

கிரிசாந்தோ ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார்.

"பாங்காக்ல ஒரு பட்டறையில இருபது அடிச்சு வாங்கினோம் சார். உங்க கம்பெனி ஆறு மாசம் கேட்டுச்சு, இவங்களுக்கு ஆறு நாள்ல வேணும். விழுந்ததுல இருந்தது அதுல ஒண்ணு. மாதிரிக்குன்னு உங்க மச்சான் செஞ்சதைக் கழட்டிக் குடுத்தது நான். திரும்பி வந்ததை மாட்டினதும் நான்தான்."