நீல வயிற்றுக் கறையான்கள்

நசாம்பு தன் வீட்டு வாசல் நிலையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். பொத்தென்று கேட்டது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. மேலே வண்ணப்பூச்சு மட்டும் பளபளவென்று இருந்தது. உள்ளே மரம் என்று ஒன்றுமே இல்லை, ஈர மண்தான் இருந்தது.

பதினோரு வருடம் வெபுயே சந்தையில் தையல் மெஷின் மிதித்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்துக் கட்டிய வீடு அது. புருஷன் வஃபுப்வா நைரோபியில் யாரோ பணக்காரர் வீட்டு வாசலில் காவலுக்கு நிற்கிறான். அவன் சம்பளம் அவன் வயிற்றுக்கும் வாடகைக்கும் சரி. செங்கல்லும் தகரக் கூரையும் நாலு கதவும் ஆறு ஜன்னலும் இவள் கால் மிதித்து வந்தவை. அதனால் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நிலை போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கூரை உத்திரத்துக்கு ஏறிவிட்டால் இந்த ஜென்மத்தில் இன்னொரு வீடு கட்ட அவளால் முடியாது.

எங்கிருந்து வருகின்றன என்று ஜோசியம் கேட்க வேண்டியதில்லை. முப்பதடி தள்ளி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் காவோயாவின் நிலத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு புற்று. மாமனார் நிலத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தவர், புற்றை மட்டும் இளையவனுக்கென்று தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். மண்ணைப் பிரிக்கலாம், புற்றைப் பிரிக்க முடியுமா? ஏப்ரல் மழைக்கும் நவம்பர் மழைக்கும் அதிலிருந்து ஈசல் புறப்படும். நாலைந்து நாள் சாக்குச் சாக்காக அள்ளுவான். முதல் தட்டு அண்ணன் வீட்டுக்கு. ஈசலின் கொழுப்பிலேயே வறுத்து உப்புப் போட்டுச் சோளக்களியோடு வைத்தால், நசாம்பு பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவாள். அவள் பேச்சை நிறுத்துவது அதற்கு மட்டும்தான்.

காவோயா அந்தப் புற்றைப் பார்த்துக்கொண்ட அழகை ஊரே சொல்லும். விடிந்ததும் துடைப்பத்தோடு இறங்கிவிடுவான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக்கி இறுக்கிக் கட்டிய குச்சித் துடைப்பம். புற்றைச் சுற்றி இருபதடிக்கு ஒரு இலை கிடக்காது, ஒரு சாண உருண்டை கிடக்காது. கூட்டியதைத் தீ வைத்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பான். ஈசலில் மண்ணும் சருகும் கலந்தால் அவனுக்கு மானம் போய்விடும்.

"கொழுந்தனாரே, உங்க புத்துக்காரங்க என் நிலையைத் தின்னு தீர்த்துட்டாங்க," என்றாள் நசாம்பு வேலியோரம் நின்று.

துடைப்பம் நின்றது. "யாரு, என் பிள்ளைங்களா? மதினி, நாக்கு அழுகிடும். புல்லு, சருகு தவிர எதையும் தொடாதுங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து மானமா வாழ்ற குடும்பம் அது. உங்க வீட்டுக்கு வர்றது ஊரும் பேரும் தெரியாத எந்தக் கறையானோ."

"அப்ப அதுங்க கட்டின மண்ணுச்சாரை உங்க வேலிக்கு அடியில போகுதே, அது என்னவாம்?"

"வழிப்போக்கன் வேலியோரமாத்தான் போவான். அதுக்கு வீட்டுக்காரனைப் பிடிப்பீங்களா?"

அவன் மனைவி நபாங்கி அடுப்படியிலிருந்து, "எங்க புத்து அப்படிப்பட்டது இல்லக்கா!" என்று குரல் கொடுத்தாள். வேலிக்கு ஓணான் சாட்சி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காவோயாவுக்குக் குஞ்சு லட்சக்கணக்கில் இருந்தது, அத்தனையும் பொன்.

நசாம்பு பேருந்து பிடித்து புங்கோமாவுக்குப் போனாள். விதையும் மருந்தும் விற்கும் கடையில் இருந்த அம்மாள் கறையான் என்றதும் அலுத்துக்கொள்ளவில்லை, நாற்காலி போட்டாள்.

"தெளிச்சா முன்னால நிக்கிறதுதான் சாகும். மத்தது வேற வழியா வரும். தீனி வைக்கணும். சுவரோரமா ஓட்டை போட்ட குழாயைப் புதைச்சு, உள்ள நனைச்ச அட்டையை அடைச்சு மூடிடு. முதல்ல மருந்து வேணாம். இந்த நீலப் பொடியைக் கலந்து வை. தின்னதுக்கு வயிறு நீலமாத் தெரியும். நல்லாப் பழகித் தின்ன ஆரம்பிச்சப்புறம் அந்த அட்டையை எடுத்துட்டு இந்த டப்பாவுல இருக்கிற மருந்துத் தீனியை வை. உடனே சாகாது. கொண்டுபோய் ஒண்ணுக்கொண்ணு ஊட்டும். மூணு மாசத்துல ராணி வரைக்கும் போய்ச் சேர்ந்திரும். புத்தே காலி."

புற்றே காலி என்ற சொல் பேருந்து முழுக்க அவள் கூடவே வந்தது. காவோயா சொன்னதுபோல அது வேறு ஏதோ புற்றாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். டப்பாவை அலமாரி மேல் வைத்தாள்.

துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைகள் அவளிடம் மலையாகக் கிடந்தன. சுவரோரம் ஆறும் வேலியோரம் ஒன்றுமாக ஏழு குழாய்களைப் புதைத்து, நீல அட்டையை அடைத்தாள். காவோயா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"என்ன மதினி, சுவருக்கு ஊசி போடுறீங்களா?"

"ஆமா, காய்ச்சல்."

பொறுமை என்பது நசாம்புவுக்குத் தையலில் மட்டும்தான். தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்த்தாள். முதல் வாரம் பத்துக் கறையான், மறுவாரம் ஒன்றுமில்லை. கடைக்குப் போன் போட்டாள்.

"விருந்தாளி சாப்பிடறப்போ தட்டைத் தட்டைத் தூக்கிப் பார்ப்பியா நீ?" என்று அந்த அம்மாள் ஒரு பிடி பிடித்தாள். "மூணு வாரம் அந்தப் பக்கமே போகாத."

போகவில்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது ஏழில் ஐந்து குழாய்களில் அட்டை சல்லடையாகி இருந்தது. உள்ளே நெளிந்தவற்றின் வயிறு, சொட்டு நீலத்தில் முக்கி எடுத்ததுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து மருந்தை வைத்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மழை கொட்டி ஓய்ந்தது. வெயில் அடித்ததுமே காவோயா மரக்கட்டையைப் புற்றருகில் இழுத்துப் போட்டான். அவனும் நபாங்கியும் குச்சிகளை வளைத்து நட்டு மேலே கம்பளியைப் போர்த்தி, அதன் வாயில் குழி தோண்டிப் பானையை வைத்தார்கள். முதல் தட்டு வாங்குகிற வீடு கம்பளி பிடிக்க வரவேண்டும் என்பது அங்கே வழக்கம். நசாம்பு போய் வாய்ப்பக்கம் உட்கார்ந்தாள். காவோயா இரண்டு குச்சிகளால் கட்டையைத் தட்டினான். தூறல் விழுவதுபோலச் சன்னமாக, இடைவிடாமல், ஒரே சீராக. மழை என்று நம்பினால்தான் புற்று திறக்கும். இந்த ஊரில் அவனைப்போல மழை வாசிக்க ஆள் கிடையாது.

ஈசல் தானாக வெளியே வராது. வேலைக்காரக் கறையான்கள் முதலில் வந்து துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். மண் அசைந்தது. சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. ஓட்டை வாயில் கறையான்கள் வந்து நின்றன. நாலில் ஒன்றுக்கு வயிறு நீலம்.

கம்பளியை இழுத்து மறைத்துவிடலாமா என்று நசாம்புவின் கை போனது. அதற்குள் காவோயா குனிந்துவிட்டான். தட்டுவது நின்றது.

"ஏங்க நிறுத்திட்டீங்க? உள்ள போயிடும்!" என்றாள் நபாங்கி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. "மதினி, இது உங்க குழாய்ல வச்ச நீலமா?"

"ஆமா."

"விஷமா?"

"இல்ல. வெறும் அட்டை. விஷம் நாளைக்கு."

காவோயா குச்சிகளை எடுத்து மறுபடி தட்டினான். ஈசல் புறப்பட்டது, கம்பளி நிரம்பி, குழியில் வைத்த பானை நிரம்பியது. ஈசல் பிடிக்கையில் வழக்கமாகப் பாடும் பாட்டை யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் முதல் தட்டு வழக்கம்போல வந்தது. நசாம்பு ஒரு வாய் வைத்தாள். மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வேலியோரம் அவன் நின்றிருந்தான். கேலி ஒன்றையும் காணோம்.

"மாடு அடுத்தவன் சோளத்துல வாய் வச்சா மாட்டுக்காரன்தான் பதில் சொல்லணும். இத்தனை நாளா என் மாடு இல்லன்னு சாதிச்சேன். என் மாடுதான். மருந்தை வைங்க மதினி."

"அப்பா உங்களுக்குன்னு குடுத்தது..."

"அப்பா திருடவா குடுத்தாரு? வைங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அவன் சண்டை போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோயிலுக்குப் போக மனம் வரவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வேலியோரக் குழாயிடம் போய் உட்கார்ந்து மூடியைத் திருகினாள். மருந்துத் தீனி கையில் இருந்தது. உள்ளே நீல வயிறுகள் அவசரமாகத் தின்றுகொண்டிருந்தன.

வேலிக்கு அப்பால் சரக் சரக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தாள். காவோயா கூட்டிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் சாகப்போகிற புற்றைச் சுற்றி, நேற்றைய மழையில் உதிர்ந்த இலைகளை ஒன்று விடாமல் கூட்டிக் குவித்து, தீப்பெட்டியை எடுத்தான். கை பழகிய வேலையை நிறுத்தத் தெரியவில்லை அவனுக்கு. பார்க்கவே பாவமாக இருந்தது.

பாவப்பட்டுக்கொண்டே பார்த்தவளுக்கு, அந்த இருபதடி வெற்றுத் தரை கண்ணில் பட்டது. அந்தப் பக்கம் வழித்துத் துடைத்த நிலம். இந்தப் பக்கம் அவளுடைய கதவு.

"கொழுந்தனாரே! தீயை வைக்காதீங்க!"

திடுக்கிட்டுத் திரும்பினான். "என்ன மதினி?"

"உங்க பிள்ளைங்க சருகுதான் தின்னும்னு சொன்னீங்களே. எங்க சருகு?"

"எங்கன்னா?"

"தினம் விடியறதுக்குள்ள சட்டியை வழிச்சுக் கழுவி வச்சிடுறீங்க. பசிச்சவன் பக்கத்து வீட்டுக்கு வராம வேற எங்க போவான்?"

"கூட்டாம ஈசல் பிடிச்சா மண்ணு இல்ல கடிபடும்?"

"ஈசல் வருஷத்துக்கு எட்டு நாள், பத்து நாள். மீதி நாளெல்லாம் அதுங்க எதைத் தின்னும்? என் நிலையைத்தானே?"

காவோயா துடைப்பத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு அவன் முகம் போன போக்கை நசாம்பு ரொம்ப நாள் மறக்கவில்லை. அப்பா போனதிலிருந்து பதினான்கு வருடம் ஒரு நாள் தவறாமல் கூட்டியவன். "நானேதான் பட்டினி போட்டிருக்கேன்," என்றான் மெதுவாக.

நசாம்பு மருந்தை டப்பாவில் போட்டு மூடினாள். வேலிக்கு மேலாக நீட்டினாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும். நவம்பர் மழை வரைக்கும் பார்ப்போம். என் குழாய்ல அட்டை குறைஞ்சா நீங்களே வந்து உங்க கையால வைக்கணும்."

"வைப்பேன்," என்றான். டப்பாவை வாங்கிக்கொண்டான். பிறகு அந்தச் சருகுக் குவியலைப் புற்றின் அடியில் தள்ளி, துடைப்பத்தையும் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போனான்.

அந்த வருடம் காவோயா அறுவடை முடிந்த சோளத்தட்டைகளை எரிக்கவில்லை. சுமந்துகொண்டு வந்து புற்றடியில் போட்டான். "பொண்டாட்டி செத்தவன் வாசல் மாதிரி கிடக்கு," என்று நபாங்கி தலையிலடித்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள், காவோயாவுக்கு வயசாகிவிட்டது என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நசாம்பு கடன் சொல்லாமல் ஒரு புது நிலை வாங்கி வைத்தாள். குழாய்களில் அட்டையை மாற்றி அடைத்தாள். மாதம் ஒரு முறை மட்டுமே திறந்தாள். இரண்டு மாதம் கொஞ்சம் குறைந்தது. அவள் வாய் திறக்கவில்லை. அப்புறம் குறையவில்லை.

நவம்பரில் முதல் மழை விழுந்த அன்று வாசலில் டொக்கென்று சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க!" என்றாள் நசாம்பு மெஷினிலிருந்து.

"உங்களைப் பார்க்க வரல, நிலையைப் பார்க்க வந்தேன்," என்றான் காவோயா. இன்னொரு தரம் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். டொக். ஒரு கையில் அவள் மூடிக் கொடுத்த மருந்து டப்பா அப்படியே இருந்தது. மறு கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் ஒரு சைக்கிள் டியூப் வளையம்.

"ஈசலுக்கு இடம் பண்ணலாம்னு துடைப்பத்தைத் தேடினேன் மதினி. இது மட்டும்தான் மிச்சம்."