நாலு மணி அனுமதி

எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க இரண்டு சுற்றுகள். முதல் சுற்று வெள்ளிக்கிழமை முடிகிறது. அடுத்தது ஜனவரியில். ஜனவரியில் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடமும் அப்படித்தான் சொன்னேன். அப்போது மனைவி இருந்தாள்.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை ஜனவரிடா? முதல் சுற்றுலதான் இடம் நிறைய இருக்கும்னு நீதானே சொன்னே?"

"பாப்பாவை யாரு பாத்துப்பா?"

"படிக்கப் போற ஊருக்கு நானும் வர்றேன். ஆனா உன் சமையலைத் திங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

நான் சிரிக்கவில்லை. என் பயம் படிக்கப் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மகளுக்கு மூன்று வயது. பகலில் அவளை விடும் காப்பகத்தை ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். அலுவலகம் ஆறு மணிவரை. மனைவி இறந்த பிறகு, "நாலு மணிக்குக் கிளம்பிக்கோ" என்றார் மேலாளர். எந்தக் காகிதத்திலும் இல்லாத அனுமதி. பரிந்துரைக் கடிதமும் அவர்தான் தர வேண்டும். கேட்டால் வேலையை விட்டுப் போகப் போகிறவன் என்று தெரிந்துவிடும். போகப் போகிறவனுக்கு எதற்குச் சலுகை?

மதியம், சும்மா பார்க்கலாம் என்று விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். பரிந்துரையாளர் கட்டத்தில் அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் நிரப்பி, 'சேமி'யை அழுத்தினேன்.

'கோரிக்கை அனுப்பப்பட்டது' என்று வந்தது.

திரும்பப் பெற வழி தேடினேன். இல்லை. கண்ணாடி அறைக்குள் அவர் திரையை நோக்கிக் குனிந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார்.

"என்னப்பா இது, சொல்லாம கொள்ளாம?"

"தெரியாம போயிடுச்சு சார். சேமிச்சு வைக்கலாம்னுதான்..."

"அவ்வளவுதானே? அழிச்சிடறேன். நீயும் மறந்துடு, நானும் மறந்துடறேன்."

தலையாட்டினால் போதும். ஜனவரியில் மறுபடி இதே நாற்காலியில், இதே பயத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

"வேணாம் சார். எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"எழுதறேன். நல்லாவே எழுதறேன். ஆனா அந்த நாலு மணி விஷயம்... இனிமே கேக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாதுப்பா."

"இன்னைக்கு?"

"இன்னைக்குப் போ."

காப்பகத்தில் ஆயா மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நாளை முதல் தாமதமாகும் என்றேன்.

"எவ்வளவு நேரம் சார்? பூட்டிட்டு நானும் என் புள்ளையைக் கூப்பிடப் போகணும்."

மகள் என் விரலைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தாள். ஆயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.